ஆலோசகரின் ஜன்னலோர நாற்காலி

வொண்ட்ராக் முப்பத்தொரு வருடம் ட்ராம் ஓட்டினார். அரண்மனை நிறுத்தத்தில் தினமும் பத்துத் தடவை கதவைத் திறந்துவிட்டார். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஓய்வுபெற்ற மறுநாள் இறங்கினார்.

அரண்மனையின் மேல்மாளிகைச் சித்திரக்கூடத்தில் காவலுக்கு நின்ற ரோஸ்வித்தா அவரது கறுப்புக் கோட்டைப் பார்த்து, “வாங்க, ஆலோசகர் ஐயா” என்றாள். எங்கள் வியன்னாவில் பேரரசர் போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. அரசவை ஆலோசகர்கள் மட்டும் போனபாடில்லை. தலை நரைத்தால் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மறுப்பது மரியாதைக் குறைவு. வொண்ட்ராக் மரியாதை தெரிந்தவர்.

பட்டத்தோடு காவலர்களின் ஜன்னலோர நாற்காலியும் கிடைத்தது. சாதாரண ஆட்களுக்கு அதில் இடமில்லை. அங்கிருந்து தோட்டம் அடுக்கடுக்காக இறங்கும்: நீரூற்று, பெண்முகக் கற்சிங்கங்கள், கீழ்மாளிகை, அதற்கப்பால் மிதக்கும் பச்சைக் கோபுரங்கள். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கு அவர் ஆறு வருடமாக முதுகையே காட்டினார். ஆலோசகர் என்பதால் அதுவும் ரசனையில் சேர்ந்தது. குட்டு வெளிப்பட்டால் நாற்காலி போய்விடும் என்பது மட்டுமே அவருடைய பயம்.

ஓர் அக்டோபர் மாலை. இளவெயிலில் கண் சொருகியது. தோட்டம் மெல்ல நகர ஆரம்பித்தது. புதர்வேலிகள் இருபுறமும் பின்னால் ஓடின. கற்சிங்கங்கள் ஒவ்வொன்றாக ஏறி, டிக்கெட்டில் முத்திரை குத்திக்கொண்டு உட்கார்ந்தன. அப்போது சித்திரக்கூடம் மூடும் மணி அடித்தது. வொண்ட்ராக் கண் திறக்காமலே கத்தினார்:

“வாசல்ல நிக்காதீங்க! உள்ள தள்ளிப் போங்க! கதவு மூடுது!”

வெளியேறிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே உள்ளே தள்ளிப்போனது. வொண்ட்ராக் விழித்தார். கூட்டம் கலையும்வரை தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“ரோஸ்வித்தாம்மா... நான் ஆலோசகர் இல்ல. ட்ராம் ஓட்டினவன்.”

“தெரியுமே. இருபது வருஷம் உங்க வண்டியிலதான வேலைக்கு வந்தேன். இந்த முதுக எனக்குத் தெரியாதா?”

“பின்ன ஏன் அப்படிக் கூப்ட்டே?”

“நான் மூச்சுவாங்க ஓடிவர்றப்பெல்லாம் வண்டிய நிறுத்தினது யாரு, ஆலோசகருங்களா? நீங்கதான? ட்ராம்காரருக்கு நாற்காலி போட்டா மேலதிகாரி என்னைத் தொலைச்சிடுவாரு. ஆலோசகர்னா அவரே மெத்தை கொண்டாந்து போடுவாரு.”

அவர் கசங்கிய தொப்பியை நீவித் தலையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும், ஐயா. தினமும் திறந்த உடனே வந்து நிக்கிறீங்க. எந்த ஆலோசகர் நேரத்துக்கு வர்றாரு? சந்தேகப்படுவாங்க. நாளையிலேருந்து தாமதமா வாங்க.”

மறுநாள் வொண்ட்ராக் நீரூற்றை நான்கு முறை சுற்றினார். கற்சிங்கங்களிடம் நின்று நின்று பார்த்தார். எவ்வளவு முயன்றும் இரண்டு நிமிடம்தான் தாமதிக்க முடிந்தது. அதற்கே வியர்த்துவிட்டது.