பென்சில் படாத முகங்கள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் பத்திரிகை வாங்கிக்கொண்டு நின்றேன். இறக்கக்கண்டி பஸ்ஸிலிருந்து பூரணம் அக்காவின் தங்கை மகன் இறங்கி நேரே என்னிடம் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"பெரியம்மா விடியப்புறம் போயிட்டா, மாமா," என்றார். "கடைசி வரைக்கும் நல்லாக் கதைச்சவ. நேற்றுப் பின்னேரம் பார்க்க வந்த மனிசியின்ர சீலையைக் குறை சொல்லிப்போட்டுத்தான் படுத்தவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகையும் வந்தது. கடைக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தினார்.

இதை வாசிக்கும் பெண்கள் பலருக்கு அவரைத் தெரியும். உங்கள் கலியாணச் சேலையின் நிறத்தைக் கடைசி நேரத்தில் மாற்ற வைத்திருப்பார். உங்களைக் கிணற்றடிக்கு அனுப்பிப் பூசிய பவுடரைக் கழுவ வைத்திருப்பார். மனதுக்குள் நீங்கள் அவரைத் திட்டியும் இருப்பீர்கள். ஆனால் அந்த மனிசிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது அநேகருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கதையில் குற்றவாளி நான்தான்.

இரண்டாம் உலக யுத்தகாலம். குண்டு விழுந்து ஊர் கலைந்து, பிறகு சனம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்திருந்த வருடம். துறைமுகத்தில் கப்பல் நிற்க இடமில்லை, ஊரில் துணிக்கும் மாவுக்கும் கூப்பன். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் நான் படம் எடுப்பவன், படத்தைத் திருத்துபவனும் நானே. கண்ணாடி நெகட்டிவில் முகம் விழுந்த இடத்தை ஊசி போலச் சீவிய பென்சிலால் மெல்ல மெல்லத் தேய்க்கவேண்டும். அப்படித் தேய்த்த இடம் அச்சில் வெளுத்து விழும். பெண் பார்க்க அனுப்பும் படம் எல்லாவற்றுக்கும் இந்த வேலை நடக்கும். கறுத்த பிள்ளை மாநிறமாவாள், மாநிறம் சிவப்பாவாள். யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்காமலே செய்வது மரியாதை என்று நினைத்திருந்தோம். என் கை சுத்தம் என்று ஊரில் பேரும் இருந்தது.

பூரணம் அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கணவர் காசிநாதர் கடலுக்குப் போகிறவர். யுத்தத்தால் வலை போடக்கூடாத கடற்பகுதி அதிகமாகி, வள்ளம் கரையில் கிடந்தது. வீட்டில் ஆறு வாய். அக்கா கடற்படைத் தளத்துக்குள் இருந்த தையல் கொட்டகையில் சேர்ந்தார். கப்பலும் கப்பலும் தூரத்திலிருந்து பேசிக்கொள்ளும் நிறக்கொடிகளைத் தைக்கிற வேலை. அவரோடு பத்துப் பெண்கள். சல்லியிலிருந்து, நிலாவெளியிலிருந்து, கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள். பாதுகாப்புக் கூடியபோது எல்லாரும் படம் ஒட்டிய பாஸ் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. பதினொரு பேரும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்தார்கள். நான் வழக்கப்படி என் மரியாதையைச் செய்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு பேரும் திரும்பி வந்து நின்றார்கள். வேலை நேரத்தில். பூரணம் அக்கா பாஸை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இது ஆர்?"

"நீங்கள்தான் அக்கா."

"நானோ? நான் இப்பிடி வெளிறிப்போனா எங்கட வீட்டில பரியாரியைக் கூப்பிட்டு மருந்து கேட்டிருப்பினம்."

தளத்து வாசல் காவலர் ஒரு மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பொல்லாதவர் இல்லை. பாஸையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில இருக்கிற பொம்பளையளைக் கூட்டிக்கொண்டு வாங்க, உள்ளுக்கு விடுறன்," என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் சரியான படம் ஒட்டிய பாஸ் இல்லாவிட்டால் கொட்டகை வேலையை வெளியூர்த் தையற்காரருக்குக் கொடுப்பதாக மேலிடம் சொல்லிவிட்டதாம்.

"நான் உதவியெண்டு நினைச்சுத்தான் செய்தனான்," என்றேன்.

"என்ர முகத்தில என்ன குறை கிடந்தது, நீங்கள் உதவி செய்ய?"

அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

பென்சிலை டர்பன்டைனால் துடைத்துவிடலாம், நெகட்டிவ் பழையபடி வந்துவிடும் என்று சொல்லி, அவர்கள் கண்முன்னே முதலாவதைத் துடைத்தேன். அச்சுப் போட்டுப் பார்த்தால் முகமே இல்லை. வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு கறுத்த வட்டம், அதில் இரண்டு கண். பதினொன்றும் அப்படித்தான். அப்போதுதான் என் தொழிலைப் பற்றி எனக்கே விளங்கியது. முகத்தைப் பென்சில் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் நான் வெளிச்சத்தைச் சட்டைக்கு அளந்திருக்கிறேன். இத்தனை வருடமாக ஒரு கறுத்த முகத்தையாவது நான் ஒழுங்காகப் படம் எடுத்ததில்லை. என் கை சுத்தம் என்று பேர் வேறு.

எங்கள் முதலாளியிடம் படம் பிடிக்கும் புதுக் கண்ணாடிப் பிளேட் கேட்டால் உயிரைக் கேட்ட மாதிரி. யுத்தத்தில் பிளேட் கிடைப்பது அவ்வளவு அருமை, அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். பூரணம் அக்கா அவரிடம் போனார்.

"முதலாளி, படத்தில இருக்கிறது நாங்கள் இல்லையெண்டு காவல்காரன் சொல்லுறான். ஓம் எண்டு உங்கட ஆளும் ஒப்புக்கொண்டிட்டார். இதை நாங்கள் சந்தையில நிண்டு சொல்லவோ, இஞ்ச வைச்சு முடிப்பமோ?"

முதலாளி அலுமாரியைத் திறந்தார்.

வியாழக்கிழமை அக்கா ஒரு ஓலைக் கடகத்தோடு வந்தார். தளத்து வாசலில் நின்று மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிய கழிவுத் துண்டுகள்: கொடித் துணியின் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. "மஞ்சளுக்குப் பக்கத்தில வெள்ளையை வைச்சுத் தைச்சா தூரத்தில ரெண்டும் ஒண்டாப் போயிடும். நீலத்தை வைச்சா ரெண்டும் தெரியும். எங்களுக்கு இது சோறு போடுற பாடம். நீங்கள் எங்களை வெள்ளைச் சட்டை போடச் சொன்னனீங்கள், பின்னால வெள்ளைத் திரை. கமரா வெள்ளையைப் பார்க்குமோ, எங்களைப் பார்க்குமோ?" என்றார்.

துண்டுகளை ஒரு தடியில் வரிசையாகக் கட்டி, தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு பிளேட் முழுவதையும் பரிசோதனைக்கே செலவழிக்க வைத்தார். முதலாளி வெளியே போய் வீதியில் நின்றார். எங்கள் பிளேட்டில் சிவப்புக் கறுத்து விழுந்தது, வெள்ளை கண்ணைக் குத்தியது, நீலம் முகத்தை விட்டு விலகி அமைதியாக நின்றது. நீலச் சட்டை என்று முடிவானது. பின்திரைக்குக் காசிநாதரின் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலை வந்தது, உப்பிலும் வெயிலிலும் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஸ்டூடியோ முழுக்கக் கருவாட்டு வாசம்.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதினால் அக்கா மன்னிக்கமாட்டார். கன்னத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் முகம் எடுப்பாக விழும் என்றது அவர் யோசனை. முதல் தடவை கொஞ்சம் என்பது அரைச் சிரட்டையாகிவிட்டது. படத்தில் அவர் முகம் குத்துவிளக்குப் போல மினுங்கியது. அந்தப் பிளேட்டை உடைக்கச் சொன்னார். நான் உடைக்கவில்லை என்பதை இன்று இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு எண்ணெயை விரல் நுனியோடு நிறுத்தினோம். முக்காலியை யன்னலுக்குப் பக்கவாட்டில் போடச் சொன்னார். "தையல்காரி எங்க இருந்து தைப்பாளோ அங்கதான் வெளிச்சம்," என்றார். முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் திறந்து வைத்தேன். அன்று இருட்டறைத் தட்டில் ஒவ்வொரு முகமாக எழும்பி வந்ததை எப்படிச் சொல்வது? மூக்கின் ஓரம், கன்னத்தின் மேடு, கீழுதட்டின் நிழல் எல்லாம் கறுப்புக்குள்ளேயே இருந்தன. அவ்வளவு விதமான கறுப்பு இருப்பதை நான் அன்றுதான் கண்டேன்.

சனிக்கிழமை காலை நானும் அவர்களோடு வாசலுக்குப் போனேன். போகாமல் இருக்க மனம் விடவில்லை. பூரணம் அக்கா முதலில் நின்றார். காவலர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஓம். இவதான்," என்றார்.

அடுத்தவர். "இவதான்." கிண்ணியா சுபைதா முக்காட்டைக் கொஞ்சம் விலக்கினார். "இவதான்." பதினொரு தரம் அந்தச் சொல்லைக் கேட்டேன். கடைசிப் பெண்ணும் உள்ளே போனபிறகு காவலர் என்னைப் பார்த்து, "நல்ல படம் எடுக்கிறீங்க," என்றார். கொழும்பிலிருந்து பெரிய துரை வந்து மாலை போட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்திராது. பூரணம் அக்கா உள்ளே போனவர் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். வேலை நிலைத்தது. ஆறு வாய்க்கும் சோறு நிலைத்தது.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரிந்த பூரணம் அக்கா பிறந்தார். முதலாளி அவருடைய படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோக் கண்ணாடிக்குள் வைத்தார். திரியாயிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெண்கள் வந்து, "எங்களையும் இப்பிடி எடுக்க ஏலுமோ?" என்று கேட்டார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அக்கா கடகத்தோடு வந்து இருப்பார். கன்னத்தில் துண்டை வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அந்த நாளில் கடைகளில் கிடைத்த பவுடர் எல்லாம் ரோஸ் நிறம். அதைப் பூசி வந்த ஒரு பிள்ளையிடம், "சாம்பலில புரட்டின மீன் மாதிரி நிக்கிறாய். போய்க் கழுவிப்போட்டு உன்ர முகத்தோட வா," என்றார். அவள் கோபித்துக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு முகத்தோடு வந்தாள்.

"கறுப்பு ஒரு நிறம், நோயில்லை. மருந்து தேடாதேங்கோ, பொருத்தம் தேடுங்கோ" என்பது அவர் அடிக்கடி சொன்னது. கடுகு மஞ்சள், மயில் நீலம், மிளகாய்ச் சிவப்பு அவருக்குப் பிடிக்கும். இளம் ரோஸைக் கண்டால் பகை. பச்சை வேண்டாம் என்பதில் மட்டும் அவர் பிழை என்று நான் இன்றும் சொல்வேன், கரும்பச்சை எத்தனையோ பேருக்கு அழகு. அதைச் சொன்ன பிறகு என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

எனக்குப் பெண் பார்த்த காலமும் அதுதான். அம்மாவுக்குச் சிவத்த மருமகள் வேண்டும். தரகர் ஐந்து படம் கொண்டுவந்து பாயில் பரப்பியிருந்தார். அந்த நேரம் பூரணம் அக்கா கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்து ஆறாவதாக ஒரு சிறிய படத்தை வைத்தார். பாஸுக்கு நான் எடுத்த படத்தின் பிரதி. பதினொருவரில் ஒருவரான நிலாவெளி யோகம்.

"பிள்ளை கறுப்பெல்லோ," என்றார் அம்மா.

"ஓம், கறுப்புத்தான். படத்திலயும் கறுப்பு, நேரிலயும் கறுப்பு. மற்ற அஞ்சு பிள்ளையளும் நேரில எப்பிடியெண்டு உங்கட மகனைக் கேளுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"அஞ்சும் என்ர கைவேலை அம்மா," என்றேன்.

தரகர் படங்களைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினார். யோகத்துக்கும் எனக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை செத்தவீட்டுக்குப் புறப்படும்போது யோகம் கடுகு மஞ்சள் சேலை உடுத்திக்கொண்டு நின்றார். "வெள்ளையெல்லோ உடுக்கிறது?" என்றேன். "வெள்ளையோட போனா அக்கா எழும்பியிருந்து ஏசுவா," என்றார். இறக்கக்கண்டியில் போய் இறங்கினால், யோகத்தோடு சேர்த்து, அந்தப் பதினொருவரில் உயிரோடு இருக்கும் ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசிவைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். மயில் நீலம், சிவப்பு, மஞ்சள். பந்தலுக்குள் இருந்த பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஏழு பேரும் நிமிர்ந்து நடந்து போய் அக்காவின் தலைமாட்டில் நின்றார்கள். அழுது கழுவிய முகங்கள், ஒன்றிலும் பவுடர் இல்லை.

அவர்கள் கேட்டதால் ஒரு படம் எடுத்தேன். அந்தக் குத்துவிளக்குப் பிளேட்டைத் தவிர, பூரணம் அக்காவின் நினைவாக நான் வைத்திருப்பது அதுதான். கழுவினேன், காயவைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை.