சர்வருக்கு வைத்த பொட்டு

பம்மலில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பெல்லாம் எங்கள் சர்வரை ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அணைப்போம். கணக்குப் பிரிவு சுமதி அக்கா அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார்.

ஒரு வருடம் பூஜை முடிந்து சர்வரைப் போட்டால், நெட்வொர்க் வரவில்லை. துறைமுகத்தில் எங்கள் கன்டெய்னர், நாங்கள் அனுப்ப வேண்டிய பேப்பருக்காகக் காத்திருந்தது.

"கேபிள் சொருகுற இடத்துல சந்தனத்தை அப்பிட்டீங்களாக்கா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

துடைத்தும் பயனில்லை. பிறகுதான் பார்த்தேன்: எப்போதோ நான் போட்ட அப்டேட், சர்வரை அணைத்துப் போட்ட பிறகே அமலுக்கு வந்திருந்தது. அதிலிருந்த பிழை நெட்வொர்க் கார்டின் பெயரையே மாற்றியிருந்தது; பழைய பெயருக்குப் போட்டிருந்த செட்டிங் எதுவும் வேலை செய்யவில்லை. பெயரைச் சரிசெய்ததும் லைன் வந்துவிட்டது.

"சாரிக்கா, தப்பு அப்டேட்லதான்."

"அப்போ அதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடலாம் தம்பி!" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் அப்டேட் போட்ட கையோடு சர்வரை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். அதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டு ஒரு பொட்டு வைக்கச் சொல்கிறேன்.