விமர்சகர் மெச்சிய மௌனம்

என் தங்கை பியானோ வாசிப்பவள். நான் அவளுக்குப் பக்கம் திருப்புகிறவள். அவளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, கறுப்பு உடையில் உட்கார்ந்திருப்பேன். அவள் தலையை லேசாக அசைத்ததும் எழுந்து இசைக்குறிப்புத் தாளைத் திருப்ப வேண்டும். நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருக்காது. இப்போதெல்லாம் டேப்லெட்டை வைத்துக்கொண்டு காலடியில் ஒரு மிதியை அழுத்தியே பக்கம் திருப்பிவிடுகிறார்கள். இவளுக்குத் தாள்தான் வேண்டும், தாளோடு நானும் வேண்டும்.

மேடையிலேயே உட்கார்ந்து இலவசமாகக் கேட்கிறாயே, கரும்பு தின்னக் கூலியா என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். உண்மை வேறு. பக்கம் திருப்புகிறவளால் இசை கேட்க முடியாது. கண் வரிகளின் மேல் ஓடும், மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். பந்தியில் பரிமாறுகிறவளுக்குப் பாயசத்தின் ருசி எங்கே தெரிகிறது? பதினொரு வருஷமாக நான் பரிமாறிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக் கச்சேரிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு விமர்சகர் வந்திருந்தார். அவர் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் அங்கே பெரிய அரங்கில் தனிக் கச்சேரி கிடைக்கும் என்று ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். அதற்காகவே தங்கை மூன்று மாதம் சாதகம் செய்திருந்தாள். முன்பாதி ஐரோப்பியச் செவ்வியல். ஒரு பிசகும் இல்லை. பின்பாதி ஜாஸ். கடைசியாக, மெதுவான பழைய மெட்டு ஒன்றைத் தன் போக்கில் மாற்றி எழுதிவைத்திருந்தாள்.

அவள் அதைத் தொடங்கும்போது மண்டபத்துக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய இடது கை எங்கோ மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தது. எண்ணுவதை நான் எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கடலைக் கடக்கும் ஃபெரியில் வந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. எஞ்சின் சத்தம் காலடியில் மட்டும் இருந்தது. கரை பக்கத்தில் வருவதும் விலகுவதுமாக இருந்தது, யாருக்கும் அவசரமில்லை. யாரோ என்னிடம் எதையோ கேட்டார்கள், நானும் சரி என்றேன். அப்புறம் எஞ்சின் நின்றுவிட்டது.

நின்றது எஞ்சின் அல்ல, தங்கை. தாள் முடிந்துவிட்டது; நான் திருப்பவில்லை. இரண்டு கைகளையும் தூக்கியபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் முழுக்க மழைச் சத்தம் மட்டும். பதறி எழுந்து திருப்பினேன். அவள் ஒரே ஒரு விரலால் ஒரு சுரத்தைத் தொட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றதும்தான் கேட்டாள்.

“என்னக்கா ஆச்சு ஒனக்கு?”

“தெரியலடி. கனவு மாதிரி ஆயிருச்சு.”

“மூணு மாசம்க்கா.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. கூடப் பிறந்தவளின் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் பாயான் பாரு ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் காலை கைப்பேசியை நீட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். விமர்சனம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்ததை என் தமிழில் சொன்னால், முன்பாதியில் கொண்டை போட்டு அடக்கமாக இருந்த விரல்கள் பின்பாதியில் கூந்தலை அவிழ்த்துவிட்டன. ஆனால் பாதிக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றித்தான். கைகளைத் தூக்கி நிறுத்தி, மழையை வாசிக்க விட்டாளாம். இப்படி ஒரு துணிச்சலை அவர் பார்த்து வெகுகாலம் ஆயிற்றாம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். சிரிப்பின் நடுவே எனக்கு அழுகையும் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஏற்பாட்டாளர் கூப்பிட்டார். கோலாலம்பூர் அரங்கம் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“நீ ஒரு டேப்லெட் வாங்கிக்கோ லா. கேஎல் அரங்குல நான் கீழ சனங்களோட உக்காந்து கேக்குறேன்.”

“கோவமாக்கா?”

“இல்லடி. அன்னிக்குத்தான் மொத தடவையா நீ வாசிச்சதக் கேட்டேன். எனக்கு இன்னும் கேக்கணும்.”



“அப்ப எனக்கு யாருக்கா தப்பு பண்ணுவா?”

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.