தேசாருக் கடலில் நான் தள்ளிவிட்டவர்கள்

சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பது என்றால், நன்றாக வளர்ந்த மனிதர்களை அவர்கள் சம்மதத்தோடேயே அலையில் தள்ளிவிடுவது. விழுந்து புரண்டு, மூக்கெல்லாம் உப்புத் தண்ணீரோடு எழுந்து வருகிறவர்களிடம் "நல்லாத்தான் செஞ்சீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிப்பு வந்துவிடக் கூடாது. நீங்கள் யாருக்காவது கார் ஓட்டவோ, கணக்குப் போடவோ, கைப்பேசியில் படம் அனுப்பவோ சொல்லிக்கொடுத்திருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும். நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பெயர் ஜெசிந்தா. சொந்த ஊர் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்திலுள்ள காஹாங். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். அந்த வேலை போனதும், அதே மாநிலத்துத் தேசாரு கடற்கரையில் சர்ஃப் போர்டு, அதாவது அலையில் சறுக்கும் பலகை, வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில் கல்லாவில் உட்காரச் சேர்ந்தேன். முதலாளி ஹலிம் மலாய்க்காரர், அபாங் ஹலிம், அதாவது ஹலிம் அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். ஆள் வராத நாட்களில் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கச் சகிக்காமல், அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார். இப்போது கல்லாவில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஒருவருக்கு மட்டும் தனியாக எடுக்கும் பாடங்களெல்லாம் என் பொறுப்பு. எங்கள் பக்கம் அலை ஒழுங்காக எழும்புவது ஆண்டு முடிவில் தொடங்கும் மழைக்காலத்தில்தான். போன பருவத்தில் நடந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மாஸ்டர் எங்கே?

பருவத்தின் முதல் மாணவர் ஜொகூர் பாருவிலிருந்து மனைவியோடு வந்தார். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். நேரத்தை வீணாக்கப் பிடிக்காது என்று வந்ததுமே சொல்லிவிட்டார். நான் என்னைவிட உயரமான போர்டு ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு அவர் எதிரில் போய் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். "மாஸ்டர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டார்.

வந்தாச்சு, நான்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் குட்டைதான், ஒல்லிதான். நீந்தத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். அதற்குள் அவர் மனைவி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தோளைத் தட்டினார்.

"அவங்கதாங்க மாஸ்டர். நீங்க மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டி ஒழுங்காப் போடுங்க, முன்பக்கம் பின்னால இருக்கு."

மருமகனுக்குப் பதிலாக

ஒரு நாள் காலை, மருமகன் பெயரில் பதிவான பாடத்துக்கு மாமியார் வந்து நின்றார். க்ளுவாங்கைச் சேர்ந்த செல்வமணி ஆன்ட்டி. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்த இடத்தில் மருமகனுக்குக் காய்ச்சல். பாடம் வீணாகிவிடக் கூடாது என்று இவர் கிளம்பி வந்துவிட்டார். பஞ்சாபி உடைக்கு மேலே மகளின் நீச்சல் சட்டை. மகள் பின்னாலேயே ஓடி வந்து, "டீச்சர், சும்மா கரையிலயே வச்சி அனுப்பிடுங்க, அவங்களுக்கு நீச்சல் தெரியாது" என்று என் காதில் சொன்னாள்.

நீச்சல் தெரியாதவரை இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் நான் கூட்டிப்போவதில்லை. உயிர்க்கவசச் சட்டையை மாட்டிவிட்டு, போர்டில் குப்புறப் படுக்கவைத்து, சின்ன அலையாகப் பார்த்துத் தள்ளிவிட்டேன். ஆன்ட்டி கரை வரைக்கும் படுத்தபடியே வழுக்கிக்கொண்டு போய் மணலில் ஒதுங்கினார். எழுந்தார். போர்டைத் தானே இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடி படுத்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. அவரைப் போல அலையின் போக்குக்கு உடம்பைக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த அலையில் கையை ஊன்றி எழுந்து நின்று பார்க்கலாமே ஆன்ட்டி, உங்களால் முடியும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வேணாம்மா. பேக்டரில காலமெல்லாம் நின்னுக்கிட்டே வேல செஞ்சாச்சு. கடல்லயாவது படுத்துக்கிட்டு வரேன், விடு."

சிவப்புக் கொடி

எல்லா நாளும் சிரிப்பாகப் போவதில்லை. டிசம்பரில் ஒரு நாள் கடல் கலங்கிப் போய், கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். அன்றைக்குப் பாடம் கேட்டிருந்தவர் குமரேசன், மூவாரில் லாரி கம்பெனி ஒன்றில் வேலை. அவரோடு சேர்ந்து கற்றுக்கொள்ளப் பள்ளிக்குப் போகும் மகள் யாழினியும் வந்திருந்தாள். இன்றைக்கு முடியாது என்றேன். மறுநாள் ஊருக்குத் திரும்புகிறோம், மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், கொஞ்ச நேரமாவது என்று கேட்டார். முடியாது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் கடைக்குப் பின்னால் போர்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அபாங் ஹலிம் என் பெயரைச் சொல்லிக் கத்தினார், குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வெளியே சாத்திவைத்திருந்த போர்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குமரேசன் கடலில் இறங்கியிருந்தார். கரையோரத் தண்ணீர் ஓர் இடத்தில் ஆறு மாதிரி கடலுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அதில் மாட்டிக்கொண்டார். கரையைப் பார்த்துக் கைகளால் துழாவத் துழாவ, அவர் தலை சின்னதாகிக்கொண்டே போனது.

நானும் அதே ஓட்டத்தில் விழுந்து போனேன். அவரிடம் சீக்கிரம் போக அதுதான் வழி. கிட்டப் போனபோது அவர் போர்டைக் கட்டிப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. "அண்ணே, கரையப் பாக்காதீங்க. என் முகத்தப் பாருங்க. போர்ட விடாதீங்க" என்றேன்.  கரைக்கு நேராகப் போகாமல், கரையோரமாகவே பக்கவாட்டில் அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஓட்டம் விட்ட இடத்தில் அலை எங்களைத் தூக்கிக் கரையில் போட்டது. உயிர்காப்பாளர்களும் அபாங் ஹலிமும் ஓடி வந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பிறகு அழுதார். அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், முடியவில்லை. நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாழினி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குப் பாடம் நடந்ததென்றே நினைத்திருக்கிறாள். அப்பாவின் தலையைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்.

"எனக்கு அவ்ளோ தூரம் வேணாம் டீச்சர். கிட்டக்கவே சொல்லிக்குடுங்க."

ரசம் வைப்பீங்களா?

ஜனவரியில் பெக்கான் நானாஸிலிருந்து அருள் என்று ஒருவர் தனிப்பாடத்துக்கு வந்தார். அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். கூட வந்த அவருடைய அக்கா ஸ்டெல்லா, பிளாஸ்க்கோடு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

மணலில் படுத்து எழும் பயிற்சியின்போதே அருள், "இந்த வேல பெர்மனன்ட்டா?" என்று கேட்டார். பயத்தில் ஆட்கள் என்னென்னவோ பேசுவார்கள், நான் பொருட்படுத்துவதில்லை. தண்ணீரில் இறங்கியதும், "ஞாயிற்றுக்கிழம பூசைக்குப் போவீங்களா?" என்றார். மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவேன், அலை வருது படுங்க என்று தள்ளிவிட்டேன். விழுந்தார். இருமிக்கொண்டே திரும்பி வந்து, "ரசம் வைப்பீங்களா?" என்றார். வைப்பேன், கால பின்னால நீட்டுங்க என்று தள்ளிவிட்டேன். மறுபடி விழுந்தார். முடியெல்லாம் கண்ணை மறைக்க எழுந்து நின்று, "உங்க அம்மா காஹாங்ல தனியாத்தான் இருக்காங்களா?" என்றார்.

காஹாங் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. போர்டைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் ஒத்துக்கொண்டார். கோயிலில் ஓர் அம்மா மூலமாக என் படம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. பொண்ணு தேசாருவில் ஹோட்டல் சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹோட்டலில் போய் விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை, கடற்கரையில்தான் ஒரு ஜெசிந்தா இருக்கிறாள் என்று கை காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. தோல் உரிந்த மூக்கில் வெள்ளைக் களிம்பு, சிக்குப் பிடித்த முடி, முழங்கையில் சிராய்ப்பு. பெண் பார்க்கிற கோலமா இது. சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "சொல்லிருந்தா நீங்க பவுடர் போட்டு உக்காந்திருப்பீங்க, நான் காப்பி குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்றார்.  பாட நேரம் இன்னும் மிச்சம் இருக்கிறது, படுங்கள் என்று சொல்லி, வந்த அலைகளில் பெரியதாகப் பார்த்துத் தள்ளிவிட்டேன்.

கரைக்கு வந்தால், அபாங் ஹலிம் முகத்தை என் பக்கம் திருப்பாமல் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா என்னைப் பற்றி அவரிடம் தனியாக விசாரித்திருக்கிறார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன்னப் பத்தி நல்ல மாதிரிதான் சொன்னேன்," என்றார் மலாயில். "தண்ணிக்குள்ள மட்டும் ரொம்பக் கத்துவாள்னு சொன்னேன். அது ஊருக்கே கேக்குது, நான் மறைச்சு என்ன பண்ண?"

அம்மாவின் ஹோட்டல்

அன்று சாயங்காலம் அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். காஹாங்கில் யார் கேட்டாலும் அம்மா என்னை ஹோட்டலில் வேலை என்றுதான் சொல்லிவந்திருக்கிறார். அது எனக்கு அதுவரை தெரியாது. ஏன் அப்படிச் சொன்னீர்கள், என் வேலை உங்களுக்கு அசிங்கமா என்று கேட்டேன்.  பொம்பளப் பிள்ளை கடலில் நின்று ஆட்களைத் தள்ளிவிடுகிறாள் என்று கல்யாணம் பேச வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது, கேட்டால் ஓடிவிட மாட்டார்களா என்றார் அம்மா. ஒருவர் ஓடாமல் வந்து நாலு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். அம்மாவின் குரல் உடனே தெளிந்துவிட்டது. பையன் நிறமா, உயரமா என்று கேட்டார். பொய்யைப் பற்றி முதலில் பேசுங்கள் என்றேன்.

"அந்த ஹோட்டலுக்கு முன்னாலதான கடல் இருக்கு? அப்புறம் நான் என்ன பொய் சொல்லிட்டேன்?"

மறுநாள்

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது அருள் வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்கா வரவில்லை. என்ன விஷயம் என்று விறைப்பாகத்தான் கேட்டேன். "நேத்து பொண்ணு பாக்க வந்தேன். இன்னிக்கு சர்ஃபிங் கத்துக்க வந்திருக்கேன்" என்றார். அன்றைக்கு வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தார், சொல்லாததையும் செய்து விழுந்தார். அடுத்த சனிக்கிழமை வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். பாடம் முடிந்ததும் கடை வாசலில் உட்கார்ந்து, அபாங் ஹலிமின் ஓட்டை மோட்டார் பம்பைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். இரண்டு பேரும் தேங்காய்ப்பால் சோறு, அதுதான் நாசி லெமாக், பொட்டலத்தைப் பங்கு போட்டுச் சாப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

எனக்குள் ஒரு பயம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. இந்தக் கடலுக்கு வந்த பிறகுதான் எனக்குக் காலையில் எழுந்திருக்கப் பிடித்தது. மூடிய அறைக்குள் திரும்பப் போய் உட்கார என்னால் ஆகாது. ஒரு சனிக்கிழமை, இரண்டு அலைகளுக்கு நடுவில் கடல் கொஞ்சம் அடங்கியிருந்தபோது கேட்டுவிட்டேன். "நாளைக்கு எல்லாம் கூடி வந்தா, இந்த வேலைய விடச் சொல்வீங்களா?"

அவர் போர்டில் குப்புறப் படுத்திருந்தார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் கேட்டதை உண்மையிலேயே யோசிக்கிறார் என்று தெரிந்தது. பின்னால் அலை வருகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க விட்டுட்டா எனக்கு யாரு சொல்லிக்குடுப்பா டீச்சர்? நான் இன்னும் ஒருதடவகூட எந்திரிச்சு நிக்கலயே."

விழுகிறவர்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் நான், அதில் ஒருவர் மட்டும் வாராவாரம் என் முன்னாலேயே வந்து விழுந்தால் என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.