பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

கதிரேசன் அண்ணாச்சி தூத்துக்குடியில் காலமான செய்தி நமக்குக் கப்பலில்தான் வந்தது. மெட்ராஸ் கப்பலில் இறங்கிய ஒருவர், நம் தீவின் அபர்டீன் பஜாரில் நான் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது போகிறபோக்கில் சொன்னார். அதற்குள் அங்கே காரியமெல்லாம் முடிந்திருந்தது. இங்கே வயர்லெஸ் ஆபீஸில் பாதி ஆயுளைக் கழித்து, ஊர் ஊராகச் செய்தி அனுப்பிய மனிதரின் செய்தி வெங்காய மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். வடக்கே ரங்கத் என்ற ஊரில் இருக்கும் என் மகள் வடிவுக்கு இதை யார் சொல்வது?

நான் எட்டாவதோடு நின்றவன். ஸ்டோரில் ஆணியும் பெயின்டும் எண்ணி எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால், அண்ணாச்சியை அறிந்த நீங்கள் அவருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் குரலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் வருகிறது என்பதையும் டீ வந்துவிட்டது என்பதையும் ஒரே குரலில் சொல்வார். அதற்காகவே வருஷா வருஷம் கிளப் மைதானத்தில் நடக்கும் டென்னிஸ் போட்டிக்கு அவரை அம்பயராக உயரமான நாற்காலியில் ஏற்றிவிடுவார்கள். இங்கிலீஷில் ஸ்கோர் சொல்வார். பெங்காலியும் தெலுங்கரும் மலையாளியும் கலந்து நிற்கும் கூட்டத்துக்காக, "லவ், மத்லப் ஜீரோ" என்று, லவ் என்றால் பூஜ்யம் என்பதை ஹிந்தியிலும் ஒரு வாய் சொல்லிவைப்பார்.

வடிவு பள்ளிக்கூடத்தில் மட்டையைப் பிடித்த பிறகு நானும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பதா? நாப்பத்தஞ்சு எங்க போச்சு அண்ணாச்சி?"

"அதுக்குக் கப்பல்ல எடம் கிடைக்கலவே. மெயின்லாண்டுலயே நின்னுட்டு."

"டியூஸ்னா?"

"ரெண்டு பேரும் நாப்பதுல நிக்காங்க. அதுக்கு மேல ஒருத்தி ஒரு பாயிண்ட் எடுத்தா அட்வான்டேஜ். அடுத்ததையும் அவளே எடுத்தா கேம். விட்டுட்டா திரும்ப டியூஸ்."

"இப்படியே போயிட்டிருந்தா?"

"போயிட்டே இருக்கும். உம்ம பிரமோஷன் மாதிரி."

பாடம் எனக்கு ஏறிய லட்சணத்தை ஒரு பயிற்சி ஆட்டத்தில் காட்டினேன். டாக்டர் தாஸ் வீட்டுப் பெண் ஒரு பக்கம், வடிவு ஒரு பக்கம். "லவ்–ஃபார்ட்டி" என்றார் அண்ணாச்சி. முதலில் சொல்வது என் மகள் கணக்கு என்று நானாக முடிவு செய்து, அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று பதறி, சோடா வாங்கிக்கொண்டு ஓடிப்போய் "விடும்மா, போகட்டும்" என்றேன். ஜெயித்துவிட்டு வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து குனிந்து, "முதல்ல சொல்றது சர்வ் போடுறவ கணக்குவே. நம்பரைக் கேட்கும் முன்ன பந்து யார் கையில இருக்குன்னு பாரும்" என்றார்.

அந்த வருஷம்தான் ரங்கத்திலிருந்து வடிவைப் பெண் கேட்டார்கள். நிலபுலம் உள்ள குடும்பம், என் சொந்தத்தில் ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். அவள் மெயின்லாண்டில் போய்ப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை வீட்டில் வாய் திறந்து சொல்லும் தைரியம் மட்டும் என்னிடம் இல்லை. "போட்டியில ஜெயிச்சா மெட்ராசுக்கு அனுப்பி விளையாட வைப்பாங்களாம். ஜெயிச்சா அங்கேயே படிக்கட்டும், தோத்தா ரங்கத்" என்று மனைவியிடம் சொல்லி, மொத்தத்தையும் ஒரு பந்தின் தலையில் கட்டிவிட்டேன்.

செய்தி பஜாரெல்லாம் பரவியது. "நாற்காலியில உங்க அண்ணாச்சிதானே, உனக்கென்ன கவலை?" என்று டீக்கடைக்காரர் கிண்டினார். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார். "மேல ஏறிட்டா எனக்கு எந்தப் பிள்ளைக்கும் பேரு கிடையாது. சர்வ் போடுறவ, எதிர்ல நிக்கிறவ. அவ்வளவுதான்."

இறுதி ஆட்டத்தில் எதிரில் அதே டாக்டர் வீட்டுப் பெண். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் டிரம் அருகே கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். காதில் அவர் குரல் மட்டும். "டியூஸ்." "அட்வான்டேஜ் சர்வர்." "டியூஸ்." பந்து யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் வந்துவிட்டேன். எந்த அட்வான்டேஜுக்குச் சந்தோஷப்படுவது என்றே தெரியவில்லை. கூட்டமோ இரண்டு பேருக்கும் சமமாகக் கை தட்டியது.

மறுபடி "அட்வான்டேஜ் சர்வர்." பந்துச் சத்தம். பிறகு, "கேம், செட், மேட்ச்..." அந்த இடத்தில் மட்டும் அம்பயர் பெயர் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சி நின்றார். ஒரு மூச்சு நேரம். ஷண்முகவடிவு என்பது நீளமான பெயர், அதற்காக மூச்சு பிடிக்கிறார் என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன்.

"மிஸ் தாஸ்" என்றார். அதே குரல்.

இறங்கி நேரே டிரம்முக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். "வடிவு அடிச்சது கோட்டுக்கு வெளிய ஒரு விரல் அகலம்வே. பார்த்தேன், சொன்னேன். என் வேலை முடிஞ்சுது. இனி உம்ம வேலை. வீட்டுல வாயத் தொறந்து சொல்லும்."

வீடு திரும்ப டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் நடக்கும்போது வடிவு ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, ரங்கத்துல டென்னிஸ் கோர்ட் இருக்கா?"

வீட்டுக்குள் போனதும், செருப்பைக் கூடக் கழற்றாமல், "இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். பிள்ளை படிக்கட்டும்" என்றேன். குரல் நடுங்கியது. அடுப்பிலிருந்து திரும்பிய என் மனைவி, "இதை முதல்லயே சொன்னா என்ன? உங்க சொந்தமாச்சேன்னுதான நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

வடிவு கப்பலேறினாள். படித்தாள். சர்க்கார் அவளை விளையாட்டு டீச்சராகப் போட்ட இடம், ரங்கத். அண்ணாச்சி கேட்டுச் சிரித்த சிரிப்பு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரங்கத்துக்குப் போட் ஏறிப் போனேன். அவள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி குரலிலேயே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "தூத்துக்குடியிலேர்ந்து சேதி வந்திருக்கு. தவறிட்டார்" என்பது வரை சரியாகவே வந்தது.

"யாருப்பா?" என்றாள்.

பெயர் வரவில்லை. அன்றைக்கு அவர் எதற்காக நின்றார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய குரல் எனக்கு வராது. அந்த ஒரு மூச்சை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.