யாரோட சர்வீஸ் இது?

அலுவலகத்தில் எல்லோரும் அவளை 'விலாசம் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி அது. ரத்தம் எடுத்ததிலிருந்து ரிப்போர்ட் நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும்வரை இருநூற்றுப் பதினாலு சின்னச் சின்ன சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசி வேலையை முடிக்கும். எது எந்தக் குழுவுடையது, எது நின்றால் கூடவே எது படுக்கும் என்பதெல்லாம் பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்த்த அவளுக்கு மட்டுமே அத்துப்படி. எங்கே சிக்கினாலும் மூன்று மாடியிலிருந்தும் அவள் மேஜைக்கு வருவார்கள்.

"அக்கா, இது யாரோட சர்வீஸ்?"

முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. நாற்பத்தேழாவது வயதில் வலது கண்ணில் புரை விழுந்தபோதுதான் பெருமை கழுத்தைப் பிடித்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது, போனை எடுக்கக் கூடாது என்றார் டாக்டர். ஒரு வாரமா? அவள் மூன்று முறை தேதியைத் தள்ளிப் போட்டாள். இடது கண்ணும் மங்கத் தொடங்கியது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஓடுற லிஃப்ட்டை நிறுத்தாம ரிப்பேர் பண்ண முடியாது. நீயும் கொஞ்சம் நில்லேன்" என்றார்.

"நான் நின்னா எல்லாம் நிக்கும்."

"அப்படின்னா தப்பு உன் கண்ணுல இல்ல, உங்க ஆபீஸ்ல."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே மேலாளரிடம் போய், டெவலப்பர் போர்ட்டல் ஒன்று வைக்கலாமா என்று கேட்டாள். எல்லா சர்வீஸையும் அதன் சொந்தக்காரரையும் ஒரே இடத்தில் காட்டும் உள்வலைத்தளம் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருள், விலை கிடையாது.

மூன்று வாரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இருநூற்றுப் பதினாலையும் தானே தட்டி ஏற்றினாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, முப்பது பதிவுகள் பொய்யாகிவிட்டன. குழு மாறியது, ஆள் மாறினார், யாரும் அவளிடம் சொல்லவில்லை. தலையில் இருந்த சுமையை எடுத்துத் திரையில் வைத்ததுதான் மிச்சம், தூக்குகிறவள் அவளேதான்.

அந்தப் போர்ட்டல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அதன் பிறகே உட்கார்ந்து முழுதாகப் படித்தாள். நடுவில் இருப்பது சின்ன அடித்தளம். ஆவணம், மென்பொருள் சோதனை நிலவரம் என்று மற்ற வசதிகளெல்லாம் தனித்தனி ப்ளக்இன்களாக அதில் வந்து பொருந்துபவை. பட்டியலை நடுவில் உட்கார்ந்து யாரும் எழுத வேண்டியதே இல்லை. ஒவ்வொரு குழுவும் தான் எழுதும் ப்ரோகிராமுக்குப் பக்கத்திலேயே பத்து வரிக் கோப்பு ஒன்று வைக்கும்: பெயர், சொந்தக்காரர், எதை நம்பி ஓடுகிறது. போர்ட்டல் அடிக்கடி சுற்றி வந்து அவற்றை வாசித்துக் கோத்துக்கொள்ளும்.

தான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஒவ்வொரு டீமும் எழுதுவாங்களா? குடிச்ச கப்பையே கழுவ மாட்டாங்க" என்றார் மேலாளர்.

"எழுதலன்னா அவங்க ப்ரோகிராம் ரிலீஸே ஆகாது. அப்படிக் கதவு போட்டுடலாம் சார். புது சர்வீஸ் ஆரம்பிச்சா, அந்தக் கோப்பு தானாவே கூட வந்துடும்."

ஒரு வாரம் வசைதான். ரிப்போர்ட் குழுவின் தலைவி நேரில் வந்து, "அக்கா, உங்களைக் கேட்டா ரெண்டு நிமிஷத்துல முடியுமே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்னைக் கேக்காம முடியணும்னுதாம்மா இத்தனையும்."

இரண்டு மாதத்தில் இருநூற்றொன்பது கோப்புகள் வந்து சேர்ந்தன. மீதி ஐந்துக்கு இப்போது சொந்தக்காரரே இல்லை என்று தெரிந்து அவற்றை மூடினார்கள், ஒருவரும் தேடவில்லை. நான்காவது முறையாகக் குறித்த ஆபரேஷன் தேதியை அவள் தள்ளிப் போடவில்லை.

ஆபரேஷன் முடிந்து, வலது கண்ணில் கட்டோடு வார்டில் படுத்திருந்தாள். போன் கணவர் கையில் இருந்தது. மதியம்வரை அது மூச்சே விடவில்லை.

"சார்ஜ் இருக்கா பாருங்க."

"முழுசா இருக்கு."

"சிக்னல்?"

"பக்கத்துக் கட்டில்காரர் பத்து நிமிஷமா சம்பந்திகிட்ட சண்டை போடுறாரே, கேக்கலையா?"

மாலையில் மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, கணவரை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அவர் கண்ணைத்தான் விசாரித்தார். அவள் விடவில்லை.

"சார், மறைக்காதீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?"

"பதினோரு மணிக்கு ரிப்போர்ட் போறது நின்னுச்சு. புதுசா சேர்ந்த பொண்ணு போர்ட்டல்ல பார்த்து, மூணாவது மாடி டீமோட சர்வீஸ்தான் காரணம்னு நேரா அவங்ககிட்ட போயிட்டா. இருபத்தஞ்சு நிமிஷத்துல ஓடிடுச்சு."

"என்னைத் தேடினீங்களா?"

"உண்மையைச் சொல்லணும்னா... இல்லம்மா."

அந்தப் பதில் எங்காவது குத்தும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். குத்தவில்லை. தோள்கள் இரண்டும் தளர்ந்து தலையணைக்குள் இறங்கின. அவளையறியாமல் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் நிற்கவில்லை.

"கண்ணு அதிரக் கூடாதும்மா" என்று நர்ஸ் அதட்டினாள்.

"சரிம்மா. இடது கண்ணுக்கு எப்போ வரலாம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

"லீவு கிடைக்குமான்னு முதல்ல ஆபீஸ்ல கேட்டுக்கோங்க."

"கிடைக்கும். நீங்க தேதியைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.