கிரேன் சங்கிலியின் அளவுகள்

நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே கிரேன் சங்கிலியின் தேய்மானத்தை மாதந்தோறும் கணினியில் ஏற்றுவது ரோஸ்லினின் வேலை. அளக்க வேண்டுமானால் அரைநாள் உற்பத்தியை நிறுத்தியாக வேண்டும். "நக்கோம்மா, அளக்கல்லாம் வேணாம், போன மாச நம்பரையே போடு," என்பார் மேலாளர். வீட்டின் முதல் பட்டதாரியான அவளுக்கு அப்படியே போடக் கூச்சம். சந்தேகம் வராதபடி கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிவிடுவாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன வாரம் சங்கிலி அறுந்து, கிரேன் ஓட்டும் ஜகதீசனின் வலது கை நசுங்கியது. விசாரணை அதிகாரி அவளுடைய பதிவுகளைப் பாராட்டினார். சங்கிலியில் குறையில்லை, ஜகதீசன்தான் பாரத்தை அதிகம் ஏற்றிவிட்டார் என்று எழுதினார்.

ரோஸ்லின் அந்த அதிகாரியிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள்.

"சங்கிலி பழைய இரும்புக்குப் போயிடுச்சு. இப்ப உன் பேச்சை நம்பவா, இரண்டு வருஷ ரெக்கார்டை நம்பவா?" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் ஜகதீசன் கட்டுப்போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்தார்.

"நான் ஜாஸ்தி ஏத்தலம்மா. சங்கிலி தேஞ்சிருந்தது. உன் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குமில்ல? அதை எடுத்துக் காட்டும்மா, போதும்."

"காட்டிட்டேண்ணா," என்றாள் ரோஸ்லின்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.